ஷவர் சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தால், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்

பழைய டைல்ஸைப் பெயர்த்தபோது ஷவர் பகுதியில் பூச்சும் திட்டுத்திட்டாகக் கையோடு வந்துவிட்டது, கீழே இரண்டடி உயரத்துக்குச் சுவர் ஓதமாக இருக்கிறது, ஒரு பக்கத்தில் பழைய பெயின்ட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குழிகளில் புட்டி அடைத்து அதன் மேல் ஒட்டலாமா, இல்லை எல்லாவற்றையும் கொத்தி எடுக்க வேண்டுமா என்பது கேள்வி. புட்டி கண்டிப்பாகக் கூடாது. எவ்வளவு கொத்த வேண்டும் என்பதைச் சுவரைத் தட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அரை மணி நேரம் போதும்.

டைல்ஸைப் பசை பிடித்திருக்கிறது, பசையைப் பூச்சு, பூச்சைச் செங்கல். நடுவில் ஒன்று தளர்ந்தால் அதற்கு மேலே உள்ளதெல்லாம் சேர்ந்து வரும். எடையையும் நினைவில் வையுங்கள்: 8 மி.மீ. செராமிக் டைல்ஸும் பசையும் சேர்ந்து ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 கிலோ. 10 மி.மீ. போர்சலின் என்றால் 27, 28 கிலோவுக்குப் போகும். கையால் இழுத்தால் வரும் பூச்சு இந்தச் சுமையைத் தாங்காது. எவ்வளவு விலை உயர்ந்த பசை வாங்கினாலும் இது மாறாது.

சுத்தியலை எடுக்கும் முன் அந்தப் பகுதியின் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துங்கள். குழாயும் வயரும் சுவருக்குள் எங்கே போகின்றன என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வடிகால் வாயைத் துணியால் இறுக அடைத்து மேலே ஒரு பலகை போடுங்கள். குழாய்க்குள் விழுந்த சாந்துத் துண்டை வெளியே எடுப்பது பெரிய பாடு. பூச்சுத் தூசியில் சிலிக்கா இருப்பதால் என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும். வீடு மிகப் பழையதாக இருந்தால் பழைய டைல்ஸ் பசையிலும் சொரசொரப்பு வண்ணப் பூச்சுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் அதை கிரைண்டரால் தொடவே கூடாது. ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு தெரிந்த பிறகு தொடருங்கள்.

இப்போது சுத்தியலின் மரப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் சுவர் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். செங்கல்லோடு ஒட்டியிருக்கும் பூச்சு ‘டக்’கென்று கெட்டியாக ஒலிக்கும். விட்டுப்போன பூச்சு காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அப்படி ஒலிக்கும் இடங்களைச் சுற்றிச் சாக்பீஸால் வளைத்துவிடுங்கள். பிறகு ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திக் கீறிப் பாருங்கள். மெல்லிய கோடு மட்டும் விழுந்தால் சரி. பள்ளம் விழுந்து மணல் கொட்டினால் அந்தப் பூச்சில் வலு இல்லை. சத்தம் சரியாக இருந்தும் கீறினால் உதிரும் இடங்கள் உண்டு. பூசியபோது தண்ணீர் காட்டாமல் விட்ட சுவர் அப்படித்தான் இருக்கும்.

பூச்சு எந்த வகை என்பது இதைவிட முக்கியம். சாம்பல் நிறமாக, நறநறவென்று இருந்தால் சிமென்ட் பூச்சு. வெளிர் நிறமாக, மணல் துகள் தெரிய, நகத்தால் சுரண்டினால் மெல்ல உதிர்ந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புப் பூச்சு. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, வழுவழுப்பாக, சாக்பீஸ் போல உடைந்தால் ஜிப்சம். உறுதி செய்ய ஒரு துண்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். சிமென்ட் துண்டு காலையிலும் அப்படியே கெட்டியாக இருக்கும். ஜிப்சம் துண்டைக் கத்தியால் சீவலாம்.

ஜிப்சம் என்று தெரிந்தால், ஷவரில் நனையும் பகுதியில் அது எவ்வளவு உறுதியாக இருந்தாலும் முழுவதும் எடுத்துவிடுங்கள். இதற்கு இரண்டு காரணங்கள். ஜிப்சம் தண்ணீரில் கரையும், ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் வரை. கேட்கச் சிறிய அளவாகத் தெரியும். தினமும் நனையும் சுவரில் அது ஆண்டுக்கணக்கில் சேரும். மற்றது ரசாயனம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். சிமென்ட் பசையில் உள்ள அலுமினேட்டும் இந்தச் சல்பேட்டும் ஈரத்தில் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் உருவாகும். படிகம் பருத்துப் பசைக்கும் பூச்சுக்கும் நடுவே நெம்புகோல் போட்டதுபோலத் தள்ளும். டைல்ஸ் பசையோடு சேர்ந்து முழுசாகக் கழன்று வந்து, அதன் முதுகில் வெள்ளைப் பொடி அப்பியிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. உலர்ந்த அறையில் பிரைமர் அடித்து இந்த இரண்டையும் பிரித்து வைக்கலாம். ஷவரில் பிரைமரை நம்பி ஜிப்சத்தை விட்டுவைப்பது வீண் துணிச்சல்.

நீங்கள் சொன்ன புட்டிக்கும் ஏறக்குறைய இதே கதைதான். ஜிப்சம் புட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெள்ளை சிமென்ட் புட்டி பெயின்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட ஒன்றிரண்டு மி.மீ. படலம், டைல்ஸ் எடையில் அது ஏடு ஏடாகப் பிளந்து வரும். பழைய புட்டி சுவரில் இருந்தாலும் சுரண்டி எடுங்கள்.

எவ்வளவு கொத்துவது? வளைத்துக் குறித்த இடங்கள் ஒரு சுவரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்தச் சுவரை முழுவதும் செங்கல் தெரிய எடுத்துவிடுவதே நல்லது. ஒட்டுப் போட்டுக்கொண்டே போனால் புதுச் சாந்துக்கும் பழைய சாந்துக்கும் நடுவில் டஜன் கணக்கில் விளிம்புகள் வரும், ஒவ்வொன்றும் ஒரு விரிசலுக்கு இடம் கொடுக்கும். தட்டும் அதிர்ச்சியில் பக்கத்திலுள்ள பூச்சும் விடும். மூன்று சிறிய சுவர்களை முழுதாக உரிப்பது ஒரு நாள் வேலை; நாற்பது குழிகளை ஒழுங்காக அடைப்பது அதைவிட அதிகம்.

ஓதத்துக்குக் காரணம் தெரியாமல் எதையும் பூசக்கூடாது. சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் மிக்சரையும் குழாய் வரும் வழியையும் சுற்றி ஈரம் இருந்தால் குழாயில் கசிவு. தரையை ஒட்டி ஒரே உயரத்தில் பட்டையாக ஈரம் ஏறியிருந்தால் பழைய தரைக்கும் சுவருக்கும் இடையிலான மூலை தண்ணீரை விட்டிருக்கிறது. உங்கள் இரண்டடி ஓதம் பெரும்பாலும் இதுதான். சுவரின் மறுபக்கத்திலும், ஷவர் இல்லாத இடத்திலும் அதே உயரத்துக்கு ஈரம் இருந்தால் அது நிலத்திலிருந்தோ வெளிச்சுவரிலிருந்தோ வருகிறது. அதைக் குளியலறைக்குள் செய்யும் எந்த வேலையாலும் தீர்க்க முடியாது. ஐயம் இருந்தால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் முன்புறம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அறைக் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நின்றால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது.

குழாய்களை மூடும் முன் அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள். எல்லா வாய்களையும் பிளக் போட்டு, கைப்பம்பால் வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, குறைந்தது ஒரு மணி நேரம் மீட்டரின் முள் அசையாமல் நிற்கிறதா பாருங்கள். பிளாஸ்டிக் குழாய் முதலில் சற்று விரியும், அதனால் முள் கொஞ்சம் இறங்கும். மறுபடி ஏற்றிவிட்டு அந்த நேரத்திலிருந்து கணக்கு வைக்க வேண்டும். மிக்சர் உடலை எவ்வளவு ஆழத்தில் பொருத்துவது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பூச்சு முகத்துக்கு மேல் நீர்த்தடைப் பூச்சு 1 முதல் 2 மி.மீ., பசை 4 முதல் 6, டைல்ஸ் 8 முதல் 10 என்று 13 முதல் 18 மி.மீ. வரும். பூச்சு முகத்தையே கடைசி முகம் என்று எண்ணிப் பொருத்திய மிக்சரின் மூடித் தட்டு டைல்ஸுக்குள் புதைந்து போகும்.

கொத்தும்போது மேலிருந்து கீழே வாருங்கள். நல்ல பூச்சை விட்டுவைக்கும் இடத்தில், குறித்த கோட்டுக்கு 5 செ.மீ. வெளியே, கிரைண்டரைப் பூச்சின் கனத்துக்கு மட்டும் ஆழம் வைத்து நேராக அறுத்துவிட்டு உள்ளே கொத்துங்கள். விளிம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். சரிவாக மெலிந்து போகும் விளிம்பில் புதுச் சாந்து காகிதம்போல் மெல்லியதாக முடிந்து முதலில் அங்கேதான் பெயரும். கொத்தி முடித்ததும் மிச்சமிருக்கும் பூச்சை மறுபடியும் ஒரு முறை தட்டிப் பாருங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலையில் கெட்டியாக ஒலித்த இடம் மாலையில் விட்டிருக்கக்கூடும்.

செங்கல் இடுக்குகளில் பழைய சாந்தை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டுங்கள், புதுப் பூச்சுக்கு அது பிடி. உப்பு பூத்திருந்தால் முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். உடனே தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிப் போகும். கான்கிரீட் தூணோ பீமோ தெரிந்தால் அதன் வழவழப்பான முகத்தை நெருக்கமாகக் கொத்திவிட வேண்டும்.

பூச வேண்டிய சுவரை முந்தைய நாள் மாலை நன்றாக நனைத்து, வேலைக்கு ஒரு மணி நேரம் முன் மறுபடி நனையுங்கள். பூசும்போது செங்கல் உள்ளே ஈரமாக இருக்க வேண்டும், மேலே தண்ணீர் பளபளக்கக் கூடாது. காய்ந்த செங்கல் சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுகத் தண்ணீர் இருக்காது. கீறினால் உதிரும் பூச்சு இப்படித்தான் பிறக்கிறது.

பழைய சுவரும் புதுச் சாந்தும் பிடித்துக்கொள்ள ஓர் ஒட்டுக் கலவை வேண்டும்: எஸ்பிஆர் லேடெக்ஸ் (பால் போன்ற செயற்கை ரப்பர் திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, அதில் பெயின்ட் பதம் வரும்வரை சிமென்ட், ஏறத்தாழ இரண்டிலிருந்து மூன்று பங்கு. பிரஷ்ஷால் செங்கல்லிலும் பழைய பூச்சின் அறுத்த விளிம்பிலும் தேய்த்து, அது ஈரமாக இருக்கும்போதே சாந்தை அடியுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் மூட முடிந்த பரப்புக்கு மட்டும் தடவ வேண்டும். காய்ந்துவிட்ட லேடெக்ஸ் ஒட்டுவதற்குப் பதிலாகப் பிரிக்கும் படலமாகிவிடும். அப்படிக் காய்ந்தால் சுரண்டிவிட்டு மறுபடி தடவுங்கள்.

சாந்து 1:4, ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு சலித்த, மண் இல்லாத பூச்சு மணல். நீர்த்தடைத் திரவம் கலப்பதானால் டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். கூடுதலாக ஊற்றினால் சாந்தின் வலு குறையும். கலந்த சாந்தை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இறுகத் தொடங்கியதைத் தண்ணீர் விட்டு இளக்குவது தவறு. ஒரு அடைப்பில் 12 முதல் 15 மி.மீ. போதும். அதைவிட ஆழமான இடத்தில் முதல் அடைப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு மறுநாள் அடுத்ததைப் போடுங்கள். ஒரேயடியாகக் கனமாக அடித்தால் சொந்த எடையிலேயே தொய்ந்து, பின்னால் வெற்றிடம் விட்டு நிற்கும். செங்கல்லும் கான்கிரீட்டும் சேரும் கோட்டிலும், குழாய்க் காடி மூடிய இடங்களிலும், இரு பக்கமும் 15 செ.மீ. படியும்படி காரம் தாங்கும் கண்ணாடி நார் வலையைச் சாந்துக்குள் பதியுங்கள்.

பொருள் கணக்கு: 90-க்கு 90 செ.மீ. ஷவருக்கு மூன்று சுவர், 2 மீட்டர் உயரம் என்றால் 5.4 சதுர மீட்டர். 15 மி.மீ. கனத்துக்கு, இடுக்கும் சேதாரமும் சேர்த்து, 40 கிலோவுக்குள் சிமென்டும் ஏறத்தாழ 100 லிட்டர் மணலும் போதும். 50 கிலோ மூட்டை ஒன்று வாங்கினால் ஒட்டுக் கலவைக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும்.

மட்டப்பலகையால் இழுத்த பிறகு மரக்கட்டையால் தேய்த்து நிறுத்திவிடுங்கள். மேலே வெறும் சிமென்டைத் தூவி இரும்புக் கரணையால் பளபளவென்று மெழுகுவது பெயின்ட் அடிக்கும் சுவருக்கான பழக்கம். இங்கே அந்த மெழுகு மேல்தோலாக உரிந்து டைல்ஸைக் கூட்டிக்கொண்டு வரும்.

2 மீட்டர் மட்டப்பலகையைச் சுவரில் எந்தப் பக்கம் சாய்த்து வைத்தாலும் இடையில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பக்கம் 60 செ.மீ.க்கு மேற்பட்ட டைல்ஸ் என்றால் இன்னும் கண்டிப்பாக இருங்கள். தூக்குக்குண்டு விட்டுச் செங்குத்தையும் பாருங்கள். மூலைமட்டத்துக்கு ஒரு சுவரில் 60 செ.மீ., அடுத்ததில் 80 செ.மீ. குறித்தால் குறுக்களவு சரியாக 100 வர வேண்டும். கண்ணாடிக் கதவு போடும் எண்ணம் இருந்தால் இந்த மூலைமட்டத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 5 மி.மீ.க்கு உட்பட்ட பள்ளங்களை டைல்ஸ் பசையாலேயே முந்தைய நாள் நிரவலாம். டைல்ஸ் ஒட்டும்போது பசையைக் கனமாக வைத்துச் சுவரின் கோணலைச் சரிசெய்ய நினைக்காதீர்கள். கனத்த பசை காயும்போது சுருங்கி டைல்ஸை உள்ளே இழுக்கும்.

புதுப் பூச்சுக்கு ஏழு நாள், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, தண்ணீர் காட்டுங்கள். பிறகு உலர விடுங்கள். பூசியதிலிருந்து இரண்டு மூன்று வாரம் கழித்து ஒட்டுவது நிதானமான கணக்கு, ஏனென்றால் சிமென்ட் பூச்சின் சுருக்க விரிசல்களில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். அவசரமென்றால் விரைவாக இறுகும் பாலிமர் சாந்து மூட்டைகள் கிடைக்கின்றன. அதில் எழுதியிருக்கும் மணிக்கணக்குப்படி நடக்கலாம். சாதாரணச் சாந்தைப் பூசிவிட்டு மூன்றாம் நாள் ஒட்டுவது மட்டும் வேண்டாம்.

இனி அந்தப் பெயின்ட் சுவர். பசை பெயின்ட்டைத்தான் பிடிக்கும், பெயின்ட் சுவரை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் டைல்ஸின் பிடிப்பும். நனையும் பகுதிக்குள் இருப்பதை எல்லாம் சுரண்டியோ கிரைண்டரில் தேய்த்தோ எடுங்கள். எனாமல் என்றால் இன்னும் அவசியம். எடுத்த பின் சுவரில் தண்ணீர் தெளியுங்கள். முத்தாக நின்றால் பெயின்ட்டோ சோப்புப் படிவோ மிச்சமிருக்கிறது. விழுந்தவுடன் மறைந்தால் சுவர் அதிகம் உறிஞ்சுகிறது. உள்ளங்கையால் தடவினால் தூசி ஒட்டினாலும் பிரைமர் தேவை. எந்தப் பிரைமர் என்பதை அடுத்து வரும் நீர்த்தடைப் பொருளின் மூட்டையைப் பார்த்து எடுங்கள்.

சுண்ணாம்புப் பூச்சு முழுக்கத் தளர்ந்து, செங்கல்லும் பொடியாகும் சுவர் என்றால் பூசுவதை விட்டுவிட்டுச் சிமென்ட் போர்டையோ நுரைப்பலகையால் ஆன டைல்ஸ் போர்டையோ துருப்பிடிக்காத திருகால் பதிப்பது நல்லது. இணைப்புகளில் நார் டேப்பும், திருகுத் தலைகளின் மேல் நீர்த்தடைப் பூச்சும் வேண்டும். சாதாரண ஜிப்சம் போர்டை இந்த இடத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

பூச்சு நன்றாகிவிட்டது என்பதால் தண்ணீர் நின்றுவிடாது. டைல்ஸ் தண்ணீரை விடாது, ஆனால் அவற்றுக்கு இடையிலுள்ள சிமென்ட் கிரவுட் விடும். அதனால் பூச்சுக்கும் பசைக்கும் நடுவில் தனியாக ஒரு நீர்த்தடைப் படலம் வேண்டும். உங்கள் சுவரின் அடிப்பகுதி ஓதமானதற்கும் இது இல்லாததே காரணமாக இருக்கலாம்.

சிமென்டும் பாலிமரும் கலந்த இரு பாகப் பூச்சு இதற்கு நல்ல தேர்வு. சுவரை லேசாக நனைத்து, முதலில் மூலைகள்: தரையும் சுவரும் சேரும் கோடு, இரு சுவர்கள் சேரும் கோடு, குழாய் வெளியே வரும் ஒவ்வொரு துளை. இங்கெல்லாம் நீர்த்தடை டேப்பை ஈரப் பூச்சுக்குள் அழுத்திப் பதிய வேண்டும். சுவரும் தரையும் நூலளவு அசையும். வெறும் பூச்சு அங்கே விரிந்துவிடும். பிறகு முதல் கோட் கிடைவாக, அது காய்ந்ததும் இரண்டாவது கோட் செங்குத்தாக. உயரம் ஷவர் தலைக்கு மேல் 15 செ.மீ. வரையாவது இருக்கட்டும். தரையிலும் இதே பூச்சு வடிகால் வாய்க்குள் மடிந்து இறங்க வேண்டும். சுவரில் மட்டும் அடித்துத் தரையை விட்டால் செய்த வேலை பாதிதான்.

காய்ந்த பின் கனம் 1 முதல் 1.5 மி.மீ. இருக்க வேண்டும். அதை அளப்பதைவிட எடையால் கணிப்பது எளிது. இந்த வகைப் பூச்சு 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 1.6 முதல் 1.8 கிலோ பிடிக்கும். மேலே சொன்ன ஷவருக்குத் தரையோடு சேர்த்து 6.2 சதுர மீட்டர், 1.5 மி.மீ.க்கு 16 கிலோ அளவு செலவாக வேண்டும். வேலை முடிந்தும் 20 கிலோ பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தால், அடித்தது சாயம் பூசியதுபோல மெல்லியதாக இருக்கிறது என்று பொருள். இன்னொரு கோட் அடியுங்கள்.

மூட்டையில் சொன்ன நேரம் காய்ந்த பிறகு வடிகாலை அடைத்து 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினாலோ கீழ்த்தளக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ இப்போது சரிசெய்வது ஒரு மணி நேர வேலை.

இந்தப் படலத்தின் மேல் வெறும் சிமென்ட் பாலில் டைல்ஸ் பதிக்கக் கூடாது, பிடிக்காது. மூட்டையில் சி2 என்று தரம் குறித்த, பாலிமர் கலந்த சிமென்ட் பசை வேண்டும். பெரிய போர்சலின் டைல்ஸுக்கு, டப்பாவில் குழைத்தே வரும் பசையும் ஒத்துவராது. கீழே படலம், மேலே போர்சலின், இரண்டும் ஈரத்தை விடாததால் அது வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும். பல் கரணையால் ஒரே திசையில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லத் தடவி ஒட்டுங்கள். ஐந்து உருண்டை வைத்து அமுக்கும் முறை ஷவருக்கு ஆகாது. உருண்டைகளுக்கு நடுவில் தண்ணீர் தங்கும். முதல் டைல்ஸை ஒட்டிய கையோடு பெயர்த்துப் பாருங்கள்: முதுகில் 95 விழுக்காடாவது பசை படிந்திருக்க வேண்டும். குறைந்தால் பெரிய பல் உள்ள கரணைக்கு மாறுங்கள். மூலைக் கோடுகளில் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கான்.

பழைய பூச்சில் எதையாவது விட்டுவைக்க முடிவு செய்தால், நீர்த்தடை அடிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். புதுப் பூச்சில் ஒரு துண்டு டைல்ஸ், விட்டுவைத்த பழைய பூச்சில் ஒரு துண்டு என்று அதே பசையால் ஒட்டி நான்கு நாள் கழித்து உளியால் பெயர்த்தெடுங்கள். டைல்ஸ் உடைந்தோ பசைக்குள் பிளந்தோ வந்தால் அந்தச் சுவரை நம்பலாம். பூச்சின் தோலோடு முழுசாகக் கழன்று வந்தால் அந்தப் பகுதியையும் கொத்தி எடுத்துவிடுங்கள்.